ஒரே ஒரு பாக்டீரியாவைத் துரத்தியவர்

நீந்தும் உடலுக்கு உந்தம் பெரிதா, திரவத்தின் பிசுக்கு பெரிதா என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண்ணைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். நமக்கு இளகி வழிவிடும் தண்ணீர், 2 மைக்ரான் நீளமே உள்ள ஈ.கோலை பாக்டீரியாவுக்குத் தேன்போலக் கெட்டியானது. உந்துவதை நிறுத்தினால் அந்தக் கணமே அது நின்றுவிடும். ஓர் அணுவின் அகலத்துக்குக்கூடச் சறுக்கிப் போகாது. அந்த உலகத்தில் நீந்தும் ஓர் உயிரை அரை நூற்றாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த இயற்பியலாளர் ஹோவர்ட் பெர்க்.

1934-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். கால்டெக்கில் வேதியியல் படித்தார். மருத்துவப் படிப்பில் சேர்ந்து அதை விட்டார். பிறகு ஹார்வர்டில் நார்மன் ராம்சேயின் குழுவில் ஹைட்ரஜன் மேசர் பற்றி ஆய்வு செய்து 1964-இல் முனைவர் பட்டம் பெற்றார். அணுக் கடிகாரத்துக்கு உதவும் கருவி அது. அதைச் செய்தவர் பாக்டீரியாவிடம் வந்ததைத் தடம் மாறியதாக நான் நினைக்கவில்லை. அளக்க வேண்டிய பொருளுக்கு ஏற்ற கருவியைத் தன் கையாலேயே செய்துகொள்ளும் பழக்கம் கூடவே வந்தது.

அப்போது இருந்த சிக்கல் இதுதான். ஜூலியஸ் ஆட்லர் 1960-களில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் சர்க்கரையோ அமினோ அமிலமோ வைத்து, பாக்டீரியாக்கள் அதைத் தேடி உள்ளே வந்து குவிவதைக் காட்டியிருந்தார். எத்தனை வந்தன என்று எண்ண முடிந்தது. ஒவ்வொன்றும் எப்படி வழி கண்டுபிடித்தது என்பது மட்டும் பிடிபடவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால், நொடிக்கு இருபது, முப்பது மைக்ரான் வேகத்தில் போகிற பாக்டீரியா கண் இமைப்பதற்குள் குவியத்தை விட்டு நழுவிவிடும்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது பெர்க் அதற்கு ஒரு நுண்ணோக்கியை உருவாக்கினார். அதில் லென்ஸ் அசையாது. பாக்டீரியா நீந்தும் சின்னஞ்சிறு அறைதான் அசையும். பாக்டீரியாவின் பிம்பம் ஆறு ஒளியிழைகளின்மேல் விழும். எந்த இழையில் ஒளி கூடுகிறது, எதில் குறைகிறது என்பதிலிருந்து அது எந்தப் பக்கம் விலகியது என்று தெரிந்துவிடும். உடனே மின்காந்தங்கள் அறையை எதிர்ப்பக்கம் நகர்த்திப் பாக்டீரியாவை மறுபடி நடுவுக்குக் கொண்டுவரும். அறை நகர்ந்த கணக்கைக் குறித்துவைத்தால், பாக்டீரியா போன பாதை முப்பரிமாணத்தில் கிடைத்துவிடும். கருவியின் விவரம் 1971-இல் வெளியானது. டக்ளஸ் பிரௌனுடன் சேர்ந்து எழுதிய முடிவுகள் 1972-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தன.

சுமார் ஒரு நொடி நேர் ஓட்டம். பிறகு பத்தில் ஒரு நொடி அங்கேயே புரண்டு தடுமாறுகிறது. அடுத்து வேறொரு திசையில் ஓட்டம். இரை இருக்கும் பக்கம் அது திரும்பும் என்றுதானே எவரும் எதிர்பார்ப்போம்? திரும்பவில்லை. புரண்டபின் எடுக்கும் திசை ஏறத்தாழத் தற்செயல்தான். ஆனால் இரை கூடிக்கொண்டே போகிற பக்கமாக ஓட நேர்ந்தால், அந்த ஓட்டம் நீள்கிறது. குறைகிற பக்கமாக ஓடினால் ஓட்டம் வழக்கமான அளவிலேயே முடிகிறது. வழி கண்டுபிடிக்கும் வித்தை மொத்தமும் இவ்வளவுதான்! பெர்க்கின் பணியில் ஆகப் பெரியதாக நான் கருதுவது இதையே. லட்சக்கணக்கான பாக்டீரியாக்களின் சராசரியை எவ்வளவு அலசியிருந்தாலும் இது அகப்பட்டிருக்காது.

இரை கூடுகிறதா குறைகிறதா என்று அறிய நினைவு வேண்டும். 1982-இல் பெர்க்கின் குழு அதையும் அளந்தது. கடந்த ஒரு நொடியில் பட்டதை, அதற்கு முந்தைய மூன்று நொடிகளில் பட்டதோடு பாக்டீரியா ஒப்பிடுகிறது.

எதைக் கொண்டு நீந்துகிறது? உடலிலிருந்து நீளும் சுருள் கசையிழைகள் சாட்டைபோல அலைவதாகவே பலர் நம்பினார்கள். அவை கப்பலின் திருகுபோல முழுச் சுற்றும் சுழல்கின்றன என்று 1973-இல் பெர்க்கும் ராபர்ட் ஆண்டர்சனும் வாதிட்டார்கள். இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்தால் நீச்சல் நின்றுபோகும் என்று வேறு ஆய்வாளர்கள் முன்பே கண்டிருந்தார்கள். இழைகள் சேர்ந்து அலைபவையாக இருந்தால் பிணைத்தாலும் அலையலாம். தனித்தனியே சுழல்பவையாக இருந்தால்தான் சிக்கிக்கொள்ளும். அடுத்த ஆண்டே சில்வர்மனும் சைமனும் ஒரு கசையிழையைக் கண்ணாடியில் ஒட்டவைத்தார்கள். இழை நிலையாக நின்றது. பாக்டீரியாவின் உடல் சுற்றியது. இழையைச் சுழற்றுவது ஏறத்தாழ 45 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு மோட்டார்; அது புரோட்டான்களின் ஓட்டத்தில் இயங்குகிறது. இடஞ்சுழியாகச் சுற்றினால் இழைகள் ஒரே கற்றையாகச் சேர்ந்து ஓட்டம். வலஞ்சுழியாக மாறினால் கற்றை பிரிந்து தடுமாற்றம்.

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக்காக 1952-இல் நோபல் பரிசு பெற்ற எட்வர்ட் பர்செலையும் பெர்க் இந்தப் பக்கம் இழுத்துவந்தார். 1977-இல் இருவரும் வெளியிட்ட கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில், சுற்றியுள்ள மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகள் பரவியிருந்தாலே போதும். மேற்பரப்பு முழுவதும் ஏற்பியாக இருந்தால் எவ்வளவு பிடிக்குமோ, அதில் பாதியைப் பிடித்துவிடலாம். மிச்ச இடம் வேறு வேறு பொருள்களை உணரும் ஏற்பிகளுக்கு!

பெர்க் 2021 டிசம்பரில் காலமானார். எண்பதை நெருங்கிய வயதிலும், சுமை கூடும்போது அந்த மோட்டார் தனக்குக் கூடுதல் விசை உறுப்புகளைச் சேர்த்துக்கொள்வதை அவருடைய ஆய்வகம் காட்டியது.

அவர் துரத்தியது ஒற்றை பாக்டீரியாவை. கோடிக்கணக்கில் நெருக்கியடித்து நீந்தும்போது அந்தத் திரவமே வேறொரு பொருளாகிவிடுகிறது. ஒரே திசையில் அணிவகுத்து நீந்தும் நுண்ணுயிர்க் கூட்டம் பாகான திரவத்தில் அந்த அணிவகுப்பைக் காப்பாற்ற முடியாது என்று 2002-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் அதிதி சிம்ஹாவும் ஸ்ரீராம் ராமசுவாமியும். ஏன் கலைகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)