கொத்துப் பரோட்டாவும் ஐந்து சுரமும்

வில்லியனூர் கடைத்தெருவில் பரோட்டாக் கல்லில் விழும் 'டக டக' ஓசையே விளம்பரம். கொத்துப் பரோட்டாவுக்கு வேறு பாட்டு எதற்கு?

மெக்டொனால்ட்ஸ் மட்டும் பாடகரைத் தேடிப் போனது. 2003 செப்டம்பரில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தொடங்கிய 'ஐ'ம் லவ்வின் இட்' விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தவர் அமெரிக்கப் பாப் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக். அது தனிப் பாடலாகவும் வெளியானது. சொற்கள் மறந்தாலும் அந்த ஐந்து சுர முனகல் காதை விட்டுப் போகாது.

நம் பக்கம் அந்த யோகம் காபிக்கு! லியோ காபி விளம்பரத்தில் அரவிந்த்சாமி நடித்தார். இசை, அப்போது விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞருடையது. 1992இல் 'ரோஜா' வந்ததும் பாகூர் டீக்கடை வரை அவர் பெயர் பரவியது: ஏ.ஆர். ரஹ்மான். படத்தின் நாயகனும் அதே அரவிந்த்சாமிதான்.