நான்கு சகோதரரும் ஒரு கழகமும்

உதைபந்தாட்டத்தை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர் உளர். பந்தை உதைப்பதிலே வரலாறு எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்பர். அவர்களுக்கு நான் மறுமொழியாக எடுத்துக்காட்டுவது மொஸ்கோ நகரத்து ஸ்பார்ட்டாக் கழகத்தின் கதையையே. மனத்திற்பட்டதை வாய்விட்டுச் சொல்லவியலாத ஒரு நாட்டில், எந்தக் குழுவுக்காகக் கைதட்டுவது என்பதையாவது மக்கள் தாமே தெரிந்துகொண்டனர். அக் குழுவை உருவாக்கியோர் அதற்குக் கொடுத்த விலை யாது? அக் கழகம் இன்று எந் நிலையில் உள்ளது? இவ்விரண்டையும் இங்கே கூற விழைகின்றேன்.

பிறப்பும் பெயரும்

மொஸ்கோவிலே பிரெஸ்னியா என்பது தொழிலாளர் நிறைந்த வட்டாரம். 1905ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஜார் மன்னனின் படையை எதிர்த்துத் தெருக்களிலே தடைகள் எழுப்பிப் போராடிய இடம் அது. ஸ்டாரொஸ்டின் சகோதரர் நால்வரின் பெயரும் அவ்வட்டாரத்தோடு பிணைந்தது. நிக்கொலாய், அலெக்சாந்தர், அந்திரே, பியோத்தர் என்பன அவர்தம் பெயர்கள். தந்தையார் வேட்டைக்கு வழிகாட்டுந் தொழிலினர்.

1922இல் பிரெஸ்னியாவிலே தோன்றிய கழகம் ஆதரவாளர் மாறுந்தோறும் பெயரும் மாறிற்று. 1926 முதல் உணவுத்தொழிலாளர் சங்கம் அதனைத் தாங்கிற்று. அந்தத் தொடர்பினாலே எதிரணியினர் அதனை 'இறைச்சி' என்று எள்ளினர். பிற்காலத்தில் அதன் அபிமானிகளே அவ்வசையைப் பெருமைப் பெயராகச் சூடிக்கொண்டனர். 1935இல் கூட்டுறவு உற்பத்திச் சங்கங்களின் ஆதரவில், ரோமக் குடியரசை எதிர்த்தெழுந்த அடிமையின் பெயர் கழகத்துக்கு இடப்பெற்றது.

இதன் பொருளை உணர, மற்றைய கழகங்களின் பின்னே நின்றோரை நோக்குதல் வேண்டும். டைனமோ இரகசியப் பொலிஸாருக்குரியது, இன்னொன்று இராணுவத்துக்குரியது, லொக்கொமொட்டிவ் புகையிரதப் பகுதியினருக்கும், டோர்ப்பிடோ மோட்டார்த் தொழிற்சாலைக்கும் உரியன. கடைச் சிப்பந்தியும், தையற்காரனும், முடி திருத்துபவனும் தமதென்று கொண்டாடத்தக்கதாயிருந்தது ஸ்பார்ட்டாக். 'மக்கள் குழு' என்ற பெயர் அதற்கு நிலைத்தமை வியப்பன்று.

ஆயினும் அது எவர் தயவுமின்றி வாழ்ந்தது என்று நான் கூறமாட்டேன். இளைஞர் கம்யூனிஸ்ட் சங்கத் தலைவர் கொசாரெவ் அதற்குப் பெருந்துணையாயிருந்தார். 1936இல் செஞ்சதுக்கத்திலே பச்சைக் கம்பளம் விரித்து, ஸ்டாலின் முன்னிலையில் ஸ்பார்ட்டாக் வீரர் இரு பிரிவாகப் பிரிந்து ஆடிக்காட்டினர். ஸ்டாலின் சலிப்புற்றால் ஆட்டத்தை நிறுத்துமாறு வெள்ளைக் கைக்குட்டையால் சைகை காட்டக் கொசாரெவ் அருகே நின்றார் என்று நிக்கொலாய் எழுதியுள்ளார். அரசனின் முகக்குறிப்பை நோக்கி ஆடும் ஆட்டத்திலே எத்துணை அச்சம் மறைந்திருந்திருக்கும்!

முடிந்த ஆட்டம் மீண்டும் நடந்தது

1938ஆம் ஆண்டு ஸ்பார்ட்டாக் லீக் பட்டத்தையும் சோவியத் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது. அவ்வாண்டின் இறுதியிலே கொசாரெவ் கைதானார். 1939 பெப்ரவரியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். இரகசியப் பொலிஸின் தலைமை பெரியாவின் கைக்கு வந்துவிட்டது. அவர் ஜோர்ஜியர், இளமையில் உதைபந்தாடியவர், டைனமோ கழகங்களின் காவலர்.

1939ஆம் ஆண்டுக் கிண்ணப் போட்டியின் அரையிறுதியில் ஸ்பார்ட்டாக், ஜோர்ஜியாவின் திபிலீசி டைனமோவை 1-0 என வென்றது. அந்தக் கோல் சர்ச்சைக்குரியதாயிற்று. பின்னர் இறுதியாட்டத்திலும் 3-1 என வென்று ஸ்பார்ட்டாக் கிண்ணத்தைப் பெற்றது. அதன் பின்னரே மேலிடத்துக் கட்டளை வந்தது: அரையிறுதியை மீண்டும் ஆடுக! இறுதியாட்டம் முடிந்து கிண்ணமும் கைமாறிய பின்னர் அரையிறுதி ஆடிய விந்தையை வேறெங்கும் நான் படித்ததில்லை. மறு ஆட்டத்தில் ஸ்பார்ட்டாக் 3-2 என மீண்டும் வென்றது. அவ்வாண்டும் இரு பட்டங்களும் அதற்கே உரியவாயின.

சிறையும் மீட்சியும்

1942 மார்ச் மாதத்து இரவொன்றிலே நிக்கொலாய் கைதானார். சகோதரர் மூவரும் அவ்வாறே பிடிபட்டனர். ஸ்டாலினைக் கொல்லச் சதி செய்தனர் என்பதே முதற் குற்றச்சாட்டு. அது நிலைக்கவில்லை. முதலாளித்துவ நாட்டு விளையாட்டைப் புகழ்ந்தனர், பொதுப்பொருளைக் கையாடினர் என்பனவாகக் குற்றம் மாறிற்று. ஒவ்வொருவருக்கும் 10 ஆண்டு முகாம் வாழ்வு விதிக்கப்பட்டது. பெரியாவின் வன்மமே இதற்குக் காரணமென்பது நிக்கொலாயின் கூற்று. கழகத்தின் பணவிவகாரங்களும் வழக்கிலே இடம்பெற்றன என்பதை வரலாற்றாசிரியர் பின்னர் சுட்டியுள்ளனர். இரண்டும் உண்மையாயிருக்கலாம். ஆனால் கணக்குப் பிழைக்குத் துருவப் பனியிலே தண்டனை வழங்கும் நீதியை நீதியென்று என்னால் ஏற்க முடியவில்லை.

அம் முகாம்களிலும் உதைபந்து அவர்களைக் காத்தது. உக்தாவிலும் அமூர் நதிக்கரைக் கொம்சொமோல்ஸ்கிலும் முகாம் அதிகாரிகள் நிக்கொலாயைத் தத்தம் குழுக்களுக்குப் பயிற்றுநராக்கினர். அந்திரே நோரில்ஸ்க்கிலே அதே பணியைச் செய்தார். பனியிலே மரம் வெட்டி மடிந்தோர் எண்ணற்றோராயிருக்க, பந்தின் பெயரால் இவர்கள் உயிர் பிழைத்தனர்.

ஸ்டாலினின் மகன் வசீலி விமானப்படைக் குழுவொன்றை வளர்த்துவந்தார். அதற்குப் பயிற்சியளிக்க நிக்கொலாயை அவர் மொஸ்கோவுக்கு வரவழைத்தார். பெரியாவின் ஆட்கள் பற்றிச் சென்றுவிடாதபடி, தலையணையின் கீழ் கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு அவரைத் தம் படுக்கையிலேயே உறங்கவைத்தாராம்! சர்வாதிகாரியின் மகனும் தண்டனைபெற்ற கைதியும் ஒரே கட்டிலிலே கண்ணயர்ந்த காட்சியை எந்த நாடகாசிரியன் கற்பனை செய்வான்? அந்தக் காவலும் நெடுநாள் நீடிக்கவில்லை. நிக்கொலாய் கஸாக்ஸ்தானுக்கு அனுப்பப்பட்டார்.

1953இல் ஸ்டாலின் இறந்தார். ஆண்டு முடியுமுன் பெரியாவும் கொல்லப்பட்டார். 1954இல் சகோதரர் விடுதலையடைந்தனர். நிக்கொலாய் கழகத்தின் தலைமையை மீண்டும் ஏற்று, இடையிடையே விலகினும், முதுமைவரை அதனைப் பேணினார். 1996இல் அவர் மறைந்தார்.

புகழும் புதைத்த துயரும்

1956இல் மெல்போர்ண் ஒலிம்பிக்கில் சோவியத் குழு தங்கப்பதக்கம் பெற்றது. இறுதியாட்டத்தில் நின்ற 11 பேரில் 8 பேர் ஸ்பார்ட்டாக் வீரர். குழுத்தலைவர் இகோர் நெற்றோவும் அவர்களுள் ஒருவர். 1962 உலகக் கிண்ணத்திலே உருகுவேக்கு எதிராகத் தம் குழு அடித்த பந்து, வலையின் பக்கத்துத் துளையூடாகவே உட்புகுந்தது என்று மத்தியஸ்தரிடம் தாமே கூறி, கிடைத்த கோலை அவர் மறுத்தார். ஒரு கழகத்தின் பெருமைக்கு இத்தகைய ஒருவர் போதும் என்பேன்.

1976இல் கழகம் முதற்பிரிவிலிருந்து வீழ்ந்தது. டைனமோவின் பழைய வீரரான பெஸ்கொவ் பயிற்றுநராக வந்து அதனைத் தூக்கி நிறுத்தினார். 1979இல் அது மீண்டும் சம்பியனாயிற்று.

1982 ஒக்டோபர் 20ஆம் நாள், லுஸ்னிகி அரங்கில் ஒல்லாந்தின் ஹார்லெம் குழுவுடன் ஆட்டம் நடந்தது. கடுங்குளிர். கூட்டம் வெளியேறும்போது படிக்கட்டொன்றிலே நெரிசலேற்பட்டு 66 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இளைஞர். ஈற்றில் ஸ்பார்ட்டாக் மற்றுமொரு கோல் அடித்திருந்தது. அதனை அடித்த ஷ்வெட்சொவ், அந்தக் கோலை அடிக்காதிருந்திருக்கலாமே என்று பின்னர் வருந்தினார். மாலைப் பத்திரிகையொன்றிலே சில வரிகள் மட்டும் வந்தன. சிலர் காயமுற்றனர் என்பதற்கு மேல் அவை எதுவும் கூறவில்லை. மொஸ்கோவிலே நினைவுச்சின்னம் எழ 10 ஆண்டுகள் சென்றன. பிள்ளையை இழந்த தாய் வெளிப்படையாக அழுவதற்கும் அரசின் அனுமதி வேண்டியிருந்தது. கழகத்தின் எந்தத் தோல்வியும் இதனினும் கொடியதன்று.

அண்மைக் காலம்

சோவியத் நாடு கலைந்தபின் ஸ்பார்ட்டாக்கே ருஷ்யாவின் முதல்வனாயிற்று. பயிற்றுநர் ரொமான்ட்செவின் பெயர் அக்காலத்தோடு ஒன்றியது. 1992 முதல் 2001 வரையான 10 ஆண்டுகளில் 9 பட்டங்கள் அதற்குக் கிடைத்தன. 1995இல் ஐரோப்பிய சம்பியன் லீக்கின் முதற்சுற்றுக் குழுவில் ஆறு ஆட்டங்களிலும் அது வென்றது. அக் குழுவின் தலைவர் ஒனொப்கோ உக்ரேனின் லுகான்ஸ்க்கிலே பிறந்தவர். சிம்பலார் ஒடேசாவின் மைந்தர். அவ்வூர்ப் பெயர்களை இன்று போர்ச் செய்திகளிலே படிக்கும்போது என் நெஞ்சு கனக்கின்றது.

2001க்குப் பின் பட்டம் நெடுங்காலம் எட்டாக்கனியாயிற்று. எண்ணெய்ச் செல்வம் பெருகியது. 2014இல் சொந்த அரங்கமும் எழுந்தது. அங்கே ஸ்டாரொஸ்டின் சகோதரர் நால்வருக்கும் சிலையுண்டு. 2017இல் இத்தாலியரான கரேராவின் பயிற்சியிலே பட்டம் மீண்டது. 2022இல் லுக்கொயில் எண்ணெய் நிறுவனமே கழகத்தை வாங்கிற்று. அரங்கின் பெயரும் அந்நிறுவனத்தின் பெயராயிற்று.

2022 பெப்ரவரியில் ருஷ்யப் படை உக்ரேனுட் புகுந்தது. ஐரோப்பா லீக்கில் நாப்போலி, லெஸ்டர் ஆகியவற்றை முந்திக் குழுவில் முதலிடம் பெற்றிருந்த ஸ்பார்ட்டாக், லைப்சிக் குழுவை எதிர்கொள்ளுமுன் வெளியேற்றப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் பழம்பகைவனான டைனமோவை 2-1 என வென்று ருஷ்யக் கிண்ணத்தைப் பெற்றது. அதன்பின் லீக்கில் 2023இல் மூன்றாமிடம், 2024இல் ஐந்தாமிடம், 2025இல் நான்காமிடம். தாழ்ந்துவிடவுமில்லை, உயரவுமில்லை.

வீரர் செய்யாத போருக்கு வீரரைத் தண்டிப்பதா என்று சிலர் கேட்பர். அவர்தம் மனக்குறை எனக்கு விளங்குகின்றது. எனினும் குண்டு விழும் நகரத்துச் சிறுவனுக்கு ஆடுகளமே இல்லாதபோது, உதைபந்து அரசியலுக்கு அப்பாற்பட்டதென்று வாதிட நான் துணியேன். ஸ்பார்ட்டாக்கின் சொந்த வரலாறே அவ்வாதத்தைப் பொய்ப்பிக்கின்றது. தொழிற்சங்கம், இளைஞர் சங்கம், எண்ணெய் நிறுவனம் என உரிமையாளர் மாறி வந்தனர். அவர்களுள் எவரும் அக் கழகத்தை 'மக்கள் குழு' ஆக்கவில்லை. அரங்கின் மலிவான இருக்கைகளிலே குளிரில் நடுங்கிக்கொண்டு தம் விருப்பத்தைத் தாமே தெரிந்தெடுத்த மனிதரே அதனை அவ்வாறு ஆக்கினர். வெற்றிப் பட்டியல் 22 பட்டங்களைக் காட்டும். நான் அதனோடு பத்தாண்டுச் சிறைவாசங்கள் நான்கையும், படிக்கட்டிலே மாண்ட 66 பேரையும் சேர்த்தே எண்ணுகின்றேன்.