மழைக்காலத்தில் சோலார் டிரிப் ஆவது ஏன்?

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கி, 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்த பிறகு, வீட்டு மாடியில் பேனல் போடும் ஆர்வம் நம்மவர்களிடையே பெருகியுள்ளது. கடை மாடியில் போட்டவர்களும் உண்டு. வெயில் காலம் முழுவதும் தொந்தரவு இல்லாமல் ஓடிய சோலார், ஐப்பசி மழை பிடித்ததும் டிரிப்பரைத் தட்டிவிடுகிறது. இரவில் விழுந்தால் காலைவரை ஃபிரிட்ஜ் ஓடாது. பாலும் தயிரும் கெட்டுப் போகும். இந்த எரிச்சலில் சிலர் டிரிப்பரையே கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடச் சொல்கிறார்கள். அது எவ்வளவு ஆபத்து என்பதையும், கோளாறை முறையாகக் கண்டுபிடிப்பது எப்படி என்பதையும் இங்கே காண்போம்.

முதலில், விழுந்தது எது என்று பாருங்கள். எம்.சி.பி. என்பது லோடு அதிகமானாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ விழும். ஆர்.சி.சி.பி. என்பது வேறு. அது வரவு செலவு பார்க்கும் கணக்குப்பிள்ளை போன்றது. ஃபேஸ் ஒயரில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. அந்த அளவுக்குக் கணக்கில் துண்டு விழுந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடும். துண்டு விழுந்த கரண்ட் ஈரச் சுவர் வழியாகவோ, இரும்புச் சட்டம் வழியாகவோ, ஆள் உடம்பு வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். டிரிப்பரைக் கழற்றுவது, கணக்குப்பிள்ளையை நீக்கிவிட்டுத் திருட்டு நின்றுவிட்டது என்று நினைப்பதற்குச் சமம். இதில் போவது பணமல்ல, உயிர்.

மூன்றாவதாக, டிரிப்பர் எதுவும் விழாமல் இன்வெர்ட்டர் மட்டும் சிவப்பு விளக்கு எரிந்து நிற்கலாம். தினமும் காலையில் வேலையைத் தொடங்குமுன், பேனல் ஒயர்களில் பூமிக்குக் கசிவு உண்டா என்று இன்வெர்ட்டர் சோதித்துக்கொள்ளும். ஈரம் இருந்தால் ‘ஐசொலேஷன்’ கோளாறு என்று காட்டி நிற்கும். ஆனால் மின்வாரிய மின்சாரம் போன நேரத்தில் பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர் நிற்பது கோளாறு அல்ல. கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காக அது அப்படித்தான் நிற்க வேண்டும்.

அடுத்து, கோளாறு சோலாரிலா வீட்டு ஒயரிங்கிலா என்று பிரிக்க வேண்டும். கை காய்ந்திருக்க, காலில் ரப்பர் செருப்புடன், சோலாரின் ஏ.சி. பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஒரே ஒருமுறை மேலே தூக்குங்கள். நின்றால் சோலார் பக்கம் சந்தேகம். மறுபடியும் விழுந்தால் வீட்டுப் பக்கம் பாருங்கள். தண்ணீர் மோட்டார், வாசல் விளக்கு, போர்டு விளக்கு, வெளிச்சுவரில் உள்ள பிளக் ஆகியவையே மழையில் அதிகம் கசிபவை. பல வீடுகளில் பழி சோலார் மேலும், குற்றம் மோட்டார் மேலும் இருக்கும்.

விழும் நேரமும் ஒரு தடயம். காலையில் நின்று, வெயில் ஏறியதும் தானே சரியானால் பேனல் பக்க ஒயரில் ஈரம் என்று கொள்ளலாம். நள்ளிரவு மழையில் விழுந்தால் பேனலைவிட, வெளியே மாட்டிய ஏ.சி. பெட்டியையோ வீட்டு ஒயரிங்கையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். இரவில் பேனலில் உற்பத்தி கிடையாது அல்லவா.

ஈரம் புகும் இடங்கள் சிலவே. பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர்கள் தளத்தில் கிடந்து மழைநீரில் ஊறுவது. வேறு வேறு கம்பெனியின் ஆண், பெண் கனெக்டர்களை ஒன்றோடொன்று மாட்டுவது. எலியும் அணிலும் ஒயரைக் கடிப்பது. நைலான் டை வெயிலில் இற்று ஒயர் தொங்கி, சட்டத்தின் கூரான ஓரத்தில் உரசுவது. பெட்டியின் மேல்புறம் துளையிட்டு ஒயரை இறக்குவது ஆகியவை முக்கியமானவை. ஒயர் எப்போதும் பெட்டியின் அடிப்புறமாக, சற்றுத் தொங்கி வளைந்து நுழைய வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் வெளியே சொட்டும்.

பழுதே இல்லாமல் விழுவதும் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டர்களில், பேனல் நனையும்போது பூமிக்குச் செல்லும் சிறு கசிவு இயல்பாகவே கூடும். பெரிய அமைப்பில் அதுவே 30 மில்லி ஆம்பியர் டிரிப்பரைத் தட்டக்கூடும். இதற்கு வழி, இன்வெர்ட்டர் கையேட்டில் சொன்ன வகையும் அளவும் உள்ள தனி டிரிப்பரை இன்வெர்ட்டருக்கு மட்டும் போடுவது. வீட்டுக்குரிய 30 மில்லி ஆம்பியர் அப்படியே இருக்க வேண்டும். பழுது இல்லை என்று சோதித்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

மாடியில் நாம் கை வைக்கக் கூடாது. பேனல்களை வரிசையாக இணைப்பதால் 3 கிலோவாட் அமைப்பிலேயே 250, 300 வோல்ட் வரை டி.சி. மின்சாரம் இருக்கும். பகல் வெளிச்சம் உள்ளவரை அதை முழுவதும் நிறுத்த முடியாது. ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் நெருப்புப் பொறி பறக்கும். நிறுத்துவதானால் முதலில் ஏ.சி., பிறகு டி.சி. ஐசொலேட்டர். அதோடு நம் வேலை முடிந்தது.

மற்றது சோலார் தெரிந்த எலக்ட்ரீசியன் வேலை. ஆனால் அவர் நண்பகலில் வரும்போது எல்லாம் காய்ந்து, கோளாறு தெரியாமல் போய்விடும். ஆகவே விழுந்த தேதி, நேரம், மழை நிலவரம், திரையில் வந்த எழுத்து ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஈரம் உள்ள காலையிலேயே அவரை வரச் சொல்லுங்கள். மெகர் கருவியால் ஒவ்வொரு வரிசையையும் சோதித்து, வந்த அளவைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் விடக் கூடாது. எர்த்தையும், இடிதாங்கும் எஸ்.பி.டி.யின் அடையாளச் சாளரம் சிவப்பாகியுள்ளதா என்பதையும் அதே வரவில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜுக்கு மட்டும் தனியாக ஒரு ஆர்.சி.பி.ஓ. போட்டு, பொது ஆர்.சி.சி.பி.யில் சேராமல் பிரித்துவிட்டால், வாசல் விளக்கின் கசிவுக்குப் பாலும் வெண்ணெயும் பலியாகாது. வெயில் வந்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவது மட்டும் வேண்டாம். காய்ந்தது ஈரம்தானே தவிர, ஒயரின் கிழிசல் அல்ல. அடுத்த மழைக்கு அது இன்னும் பெரிதாகும். புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.