வார்த்தையும் அவதாரமும்

ஆகஸ்டில் கெவலார் மாதாவிடம் சைவரும் கத்தோலிக்கருமாய் நம்மவர் திரள்கின்றனர். இயேசுவும் இன்னொரு அவதாரமே என்போர் அங்கு பலர். வழிபாட்டில் எனக்கு ஆட்சேபமில்லை, விளக்கத்தில்தான் உண்டு.

படைப்புக்கு முன்பே இறைவனோடிருந்த 'வார்த்தை' மனிதனாயிற்று என்பது யோவான் நற்செய்தி. அவ்வார்த்தையும் படைக்கப்பட்டதே என்றார் ஆரியுஸ். 325இல் நீசேயா பொதுச்சங்கம் அதனை நிராகரித்தது. திருமாலின் அவதாரங்கள் பல. கிறிஸ்தவர் கூறும் மனிதப்பிறப்போ ஒரேயொரு முறை நிகழ்வது. எடுத்த மனித இயல்பு பின்னர் களையப்படுவதுமில்லை.

சைவசித்தாந்திக்கு இறைவன் அநாதி என்பது சிக்கலல்ல; அவன் கருவில் பிறந்தான் என்பதே சிக்கல். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத்தைத் தமிழாக்கிய ஆறுமுக நாவலர், பின்னர் கிறிஸ்தவத்தை மறுத்தெழுதினார். அவர் படித்து மறுத்தார். நாமோ படியாமலே ஒன்றாக்குகிறோம். வேறுபாட்டை அறிவதும் மரியாதைதான்.