தே செட் இட் குடன்ட் பி டன் (இசைத்தொகுப்பு)

தே செட் இட் குடன்ட் பி டன் என்பது அமெரிக்க டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் 1985-ஆம் ஆண்டு எலெக்ட்ரா நிறுவனம் வழியாக வெளியிட்ட ஹிப் ஹாப் இசைத்தொகுப்பு ஆகும். ‘அது நடக்காது என்றார்கள்’ என்பது தலைப்பின் பொருள். ‘கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் த ஃபியூரியஸ் ஃபைவ்’ குழு இரண்டாகப் பிரிந்தபின் அவர் வெளியிட்ட முதல் தொகுப்பு இதுவே.

குழுவின் தோற்றம்

இக்குழு 1970-களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் உருவானது. மெல்லி மெல், கிட் கிரியோல், கவ்பாய், ஸ்கார்பியோ, ரஹீம் ஆகிய ஐவரும் ராப் பாடினர். ஃபிளாஷ் இசைத்தட்டுகளை இயக்கினார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மாறி மாறி ஓடவிட்டு, வேண்டிய நேரம்வரை நீட்டுவதே அவரது கலை.

பிளவுக்கான காரணம்

தெரு விருந்துகளில் டிஜேதான் முதன்மையானவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் நிலைமை வேறு. சுகர்ஹில் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் தன் சொந்த வாத்தியக் கலைஞர்களைக் கொண்டே பின்னணி இசையைப் பதிவு செய்தது. 1982-இல் வெளிவந்த ‘த மெசேஜ்’ பாடல் குழுவின் பெயரில் பெரும்புகழ் பெற்றது. ஆனால் அதில் ராப் பாடியவர்கள் மெல்லி மெல்லும் டியூக் பூட்டியும் மட்டுமே. ஃபிளாஷின் இசைத்தட்டு வேலை அதில் இல்லை.

உரிமைத்தொகை தொடர்பாகவும் பெயர் தொடர்பாகவும் 1983-இல் வழக்கு எழுந்தது. கிட் கிரியோலும் ரஹீமும் ஃபிளாஷுடன் வெளியேறினர். மற்ற மூவரும் சுகர்ஹில்லிலேயே தங்கினர். அதே ஆண்டு ‘ஒயிட் லைன்ஸ்’ பாடல் ‘கிராண்ட்மாஸ்டர் அண்ட் மெல்லி மெல்’ என்ற பெயரில் வெளிவந்தது. ஃபிளாஷுக்கு அதில் பங்கில்லை. எனினும் அது அவருடைய பாடல் என்றே பலர் எண்ணினர்.

இசைத்தொகுப்பு

புதிய உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டு ஃபிளாஷ் இத்தொகுப்பை உருவாக்கினார். ஃபேட்ஸ் வாலரின் பழைய ஜாஸ் பாடலான ‘த ஜாயின்ட் இஸ் ஜம்பின்’ இதில் புதுவடிவம் பெற்றது. இதற்குள் ரன்-டிஎம்சி குழுவின் எளிய, அழுத்தமான தாளம் கேட்போரின் சுவையை மாற்றியிருந்தது. பிளவுபட்ட எந்த அணியும் பழைய புகழை எட்டவில்லை.

பின்னர்

ஆறு பேரும் மீண்டும் இணைந்து 1988-இல் ‘ஆன் த ஸ்ட்ரெங்த்’ தொகுப்பை வெளியிட்டனர். 1989-இல் கவ்பாய் காலமானார். 2007-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் ஹிப் ஹாப் குழு இவர்களே.

தொடக்ககால ஹிப் ஹாப்பைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும்: இசைத்தட்டின் உறையில் உள்ள பெயரும் உள்ளே உழைத்தவரின் பெயரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.