ஆச்சி வீட்டு சர்வர்!

"வீட்டுல ஒரு சர்வர் வெக்கப் போறேன், ஆச்சி."

"எதுக்குல? நாம என்ன ஓட்டலா நடத்துதோம்?"

ஆச்சிக்கு சர்வர் என்றால் 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' நாகேஷ்தான். யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதில் தப்பே இல்லை. கம்ப்யூட்டர் சர்வரும் அதே உத்தியோகம்தான் பார்க்கிறது. யாராவது வந்து உட்கார்ந்து, "இருபத்தேழாம் நம்பர் போட்டோ ஒண்ணு" என்று ஆர்டர் கொடுக்கும் வரை சுவரோரமாக நிற்க வேண்டியது. கொடுத்ததும் உள்ளே ஓடி, எடுத்து வந்து வைக்க வேண்டியது. டிப்ஸ் கிடையாது, லீவு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் 'கடை மூடியாச்சு' என்று சொல்லவும் கூடாது.

எங்கள் ஊர் களக்காடு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வாழை, நடுவில் சத்தியவாகீசுவரர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம். நான் சம்பளத்துக்காகச் சென்னையில் இருக்கிறேன். 2022 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, பரணைச் சுத்தம் செய்யச் சொல்லி அம்மா ஏணியில் ஏற்றிவிட்டாள். அங்கேதான் அந்தத் தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே நூற்றுக்கணக்கில் போட்டோக்கள். ஸ்டூடியோ திரைக்கு முன்னால் விறைத்து நிற்கும் மாப்பிள்ளைகள், காது வளர்த்த கிழவிகள், மொட்டையடித்த குழந்தைகள். ஒன்றின் பின்னாலும் பெயர் எழுதவில்லை. "யார் ஆச்சி இது?" என்று கேட்டால் டக்டக்கென்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்போது அவளுக்கு வயது 86. அந்த முகங்களை அடையாளம் சொல்ல உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான் என்று அன்று சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது.

வெளியூர்ச் சொந்தங்கள் எல்லோரும் பார்க்க வேண்டும். அவர்கள் பார்த்துக் கேட்கக் கேட்க ஆச்சி பெயர் சொல்ல வேண்டும். எனக்குத் தேவை அவ்வளவுதான்.

'இதற்கு எதற்கு சர்வரும் சனியனும்? ஏதாவது இலவசத் தளத்தில் ஏற்றிவிட்டுப் போயேன்' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஏற்றியவன்தான் சார் நான்! கல்லூரி நாளில் ஒரு தளத்தில் போட்டு வைத்த போட்டோக்கள், கடை மூடிய அன்றைக்கு என் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்ததால், போயே போய்விட்டன. கடை மூடுவது அந்த உலகத்தில் அதிசயமும் அல்ல. யாஹூ போட்டோஸ் 2007-ல் மூடியது. ஜியோசிட்டீஸ் 2009-ல். நம் ஆட்கள் விழுந்து விழுந்து ஸ்க்ராப் எழுதிய ஆர்குட், 2014 செப்டம்பர் 30-ல். பிகாசா 2016-ல். கூகுள் போட்டோஸ் மூடவில்லை. ஆனால் 'எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்' என்றிருந்த ஏற்பாடு 2021 ஜூன் 1-ம் தேதியோடு முடிந்தது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் மூட்டையை இறக்கி வைத்தால், அவர்கள் வீட்டை இடித்துக் கட்டும் நாளில் நாம்தானே வந்து தூக்க வேண்டும்?

ஆகவே, சொந்தத் திண்ணை.

சர்வர் என்றால் ஏசி அறையில் பீரோ பீரோவாக நிற்கும் என்று நினைக்க வேண்டாம். நான் வாங்கியது ராஸ்பெர்ரி பை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வதற்காக இங்கிலாந்தில் 2012-ல் வெளியான, ஏ.டி.எம். கார்டு அளவு சர்க்யூட் போர்டு. அதற்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு மெமரி கார்டு. டி.வி. ஸ்டாண்டில், கொலு பொம்மைச் செட்டியாருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினேன். சர்வர் புரோகிராம் இலவசம். கேலரிக்கு டேட்டாபேஸ் அது இது என்று போகாமல், வெறும் பக்கங்களாகவே செய்து வைத்தேன். எந்திரம் எவ்வளவு குறைவாக யோசிக்கிறதோ, அவ்வளவு குறைவாகத்தான் ரிப்பேர்!

நான்கு அங்குலத்துக்கு ஆறு அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2,400 x 3,600. அதாவது 86 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் ஒரு படம் கிட்டத்தட்ட 26 எம்.பி. இதைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆனால் விருந்தாளிக்கு அப்படியே பரிமாறக்கூடாது. ஆரம்பத்தில் எனக்கு அந்த விவரம் போதவில்லை. கொஞ்சம் சுருக்கி, படத்துக்கு 8 எம்.பி. வீதம் முதல் பக்கத்தில் 40 படங்களை அடுக்கிவிட்டேன். 320 எம்.பி.! துபாயிலிருந்து பெரியப்பா மகன் போன் செய்தான். "தாத்தா நெத்தி வரைக்கும் வந்திருக்காவ. மீசை எப்பம் வரும்?" அன்று இரவே பட்டியலுக்கு 40 கே.பி.யில் ஒரு குட்டிப் படம், தொட்டால் விரிய 300 கே.பி.யில் ஒரு பெரிய படம் என்று மாற்றினேன். 26 எம்.பி. ஒரிஜினல் உள் அறையிலேயே இருந்தது. அடுத்த போனில் தாத்தா வேட்டி வரை வந்துவிட்டார்.

சரி, வெளியூர்க்காரன் எப்படி உள்ளே வந்தான்? அங்கேதான் பெரிய மண்டையிடி. நம் தென் மாவட்டக் காம்பவுண்டு வீடு தெரியுமல்லவா? தெருவுக்கு ஒரே கதவு எண், உள்ளே பத்துக் குடித்தனம். நாம் வெளியே கடிதம் போடலாம், பதிலும் ஒழுங்காக வந்துவிடும். ஆனால் புதிதாக ஒருத்தர் வாசலில் வந்து 'போட்டோ வீடு எது?' என்றால், சொல்ல ஆளில்லை. வீட்டு இன்டர்நெட் பெரும்பாலும் இப்படித்தான். பழைய முறை ஐ.பி. முகவரிகள் மொத்தமே 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலி. அதனால் கம்பெனிக்காரர்கள் பல வீட்டுக்கு ஒரே முகவரியைக் கொடுத்து ஒப்பேற்றுகிறார்கள். புது முறை முகவரி கடல்மணல் போல இருக்கிறது. ஆனால் பார்க்க வருகிறவர் பக்கமும் அது இருந்தாக வேண்டும்.

நான் செய்த வழி: மாதம் சில நூறு ரூபாய்க்கு வெளியே ஒரு குட்டி இயந்திரத்தை வாடகைக்குப் பிடித்தேன். அதற்கு ஊரறிந்த முகவரி உண்டு. களக்காட்டு டப்பா உள்ளேயிருந்து அதற்கு ஒரு ரகசியக் குழாய் போட்டு வைத்திருக்கும். வருகிறவர் அங்கே கேட்பார். படம் இங்கேயிருந்து குழாய் வழியாகப் போகும். படங்கள் எங்கள் வீட்டில், பெயர்ப்பலகை மட்டும் மெயின் ரோட்டில்!

பலகை மாட்டிய அன்றைக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் இல்லை, திருடர்கள். உலகெங்கும் தானாகவே சுற்றி, எந்தக் கதவு தாழ் போடவில்லை என்று தள்ளிப் பார்க்கும் புரோகிராம்கள். வருகைப் பதிவேட்டைத் திறந்தால் 'அட்மின்', 'ரூட்' என்று பெயர் சொல்லி, '123456' என்ற பாஸ்வேர்டோடு விடிய விடியக் கதவு தட்டியிருக்கிறார்கள். பாஸ்வேர்டால் உள்ளே நுழைவதையே எடுத்துவிட்டு, என் கம்ப்யூட்டரில் உள்ள சாவிக்கு மட்டும் திறக்கும்படி செய்தேன். தட்டுவது நிற்கவில்லை. தட்டட்டும்!

அக்கா வேறு தினுசாகப் பிடித்துக்கொண்டாள். "என் பிள்ளை குளிக்கிற படத்த ஊரே பாக்கணுமால?" நியாயம்தானே? கேலரி முழுவதற்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டேன். இன்னொன்றும் அவள் சண்டையால்தான் கவனித்தேன். செல்போனில் எடுத்த புதுப் படங்களுக்குள், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கண்ணுக்குத் தெரியாமல் எழுதியிருக்கலாம். மருமகன் பிறந்தநாள் படத்தை யாருக்காவது கொடுத்தால், வீட்டு வாசல் வரை வழியும் சேர்த்தே கொடுத்தாயிற்று! அதையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

திருடனைச் சமாளித்தேன், அக்காவைச் சமாளித்தேன். அம்மாவைச் சமாளிக்க முடியவில்லை.

தினமும் ராத்திரி பத்து மணிக்கு சர்வர் செத்துவிடும். காலை ஆறு மணிக்கு உயிர் வரும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு கேபிளைச் சந்தேகித்தேன், மெமரி கார்டைச் சந்தேகித்தேன். பத்து நாள் கழித்துப் போனில் பேச்சுவாக்கில் விஷயம் வந்தது. "அதுவா? நாந்தான் அமத்துவேன். ராத்திரி பூரா லைட்டு முழிச்சிக்கிட்டே கெடக்கு. கரண்டுக்கு யாரு துட்டு கெட்டுவா?" ஐந்து வாட் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம்தான் என்று கணக்குச் சொன்னேன். அம்மா மசியவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பெரிய மனிதர் துணை. உலகின் முதல் வெப் சர்வர், ஜெனீவா பக்கம் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உபயோகித்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டர். 1990 கடைசியில் ஓடத் தொடங்கியது. யாராவது போகிற போக்கில் அணைத்துவிட்டால் அன்றைய வெப் மொத்தமும் அணைந்துவிடும். அதனால் 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். அந்தப் பெட்டியைப் பிற்பாடு கண்காட்சியிலேயே வைத்தார்கள், சீட்டோடு! நானும் ஊருக்குப் போய் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினேன். அம்மா படித்துவிட்டு, "ஏன், வாய் இல்லையா, சொன்னா கேக்க மாட்டமா?" என்றாள். அன்றிலிருந்து அணைக்கவில்லை. அணைத்ததெல்லாம், உயரமாக வாழைத்தார் ஏற்றிக்கொண்டு தெருவில் திரும்பிய லாரிதான். கேபிள் அறுந்து இரண்டு நாள்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. மும்பையிலிருந்து, கோயமுத்தூரிலிருந்து, துபாயிலிருந்து போன் மேல் போன். "தொண்ணூத்தி ரெண்டுல நிக்கது எங்க அப்பாவா?" ஆச்சி ஸ்பீக்கரில் பதில் சொல்வாள். "உங்க அப்பன் இல்ல. அவனுக்கு மூத்தவன். கண்ணாடிய இரவல் வாங்கிப் போட்டிருக்கான்." நான் அந்த வார்த்தையை அப்படியே படத்துக்கு அடியில் தட்டினேன். 340 படங்களில் முந்நூறுக்கு மேல் பெயர் ஏறியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியின் திட்டம் ஒன்றின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடிப் படியெடுத்து வைத்திருக்கிறது, பெரிய காரியம். ஆனால் கண்ணாடி இரவல் என்று சொல்ல ஆச்சிதானே வேண்டும்?

2023 டிசம்பர் வந்தது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். சென்னையில் என் அறை கீழ்த்தளம். முழங்கால் வரை தண்ணீர். 17, 18 தேதிகளில் தெற்கே மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி திருநெல்வேலிக்குள் வந்தது. ஆற்றை ஒட்டியிருந்த பெரியம்மா வீட்டில், அவள் கல்யாண ஆல்பம் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. போட்டோத் தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். ஊறினால் பசை மாதிரி. பக்கத்தைப் பிரித்தால் முகம் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. களக்காட்டிலோ கரண்டு போய்ப் போய் வந்ததில் சர்வரின் மெமரி கார்டு செத்துப்போனது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது அதற்கு ஆகாது.

பெரியம்மா அழுதுகொண்டே கேட்டாள்: "அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கும்லா?"

கம்ப்யூட்டரில் இல்லை. அதே ஆல்பத்தை முந்தின வருஷம் நான் ஸ்கேன் செய்தபோது இன்னொரு காப்பி எடுத்து வைத்த ஹார்டு டிஸ்க், சென்னை அறையில் இருந்தது. கீழே கட்டிலடியில் வைப்பதுதான் வழக்கம். தீபாவளிக்குப் பெருக்கும்போது ரூம்மேட் தூக்கிப் பரணில் போட்டிருந்தான், என்னைக் கேட்காமல். அன்று அதற்காக அவனைத் திட்டியும் இருந்தேன். கனெக்‌ஷன் கொடுத்து, முதல் படம் திரையில் வருகிற வரை எனக்குக் கை நடுங்கியதை எழுத்தில் சொல்ல முடியாது.

இப்போது டப்பாவில் மெமரி கார்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி., கீழே ஒரு குட்டி யூ.பி.எஸ். காப்பி மூன்று: களக்காடு, சென்னை, துபாய்.

ஆச்சி 2024 ஆடியில் போய்ச் சேர்ந்தாள். பெயர் ஏறாத படங்கள் 22. அதில் 214-ம் நம்பர்: ஸ்டூடியோ திரைக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்து நிற்கும் ஒரு பையன். "அத வெச்சிரு, நெஞ்சுலயே நிக்கான், நாளைக்குச் சொல்லுதேன்" என்றிருந்தாள்.

போன வாரம் துபாய்க்காரன் கூப்பிட்டான். "214-ல இடது கைய நல்லாப் பாரு. எனக்கு மங்கலாத் தெரியுது." உள் அறையிலிருந்த 26 எம்.பி. ஒரிஜினலைத் திறந்து, ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கையைப் பெரிதாக்கி விரல்களை எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். ஆறு!

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

"ஆறு வெரலா? பொறு... ஏர்வாடில ஒரு வீடு உண்டும்ல."

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏர்வாடிக்குப் போகிறேன்.