செங்கல்லும் கலையாகும்: சிச்செஸ்டர் பாலண்ட் இல்லம்

கருங்கல் கோபுரத்தையும் பளிங்கு மாளிகையையும் கண்டு வியக்கும் நாம், செங்கல்லை எளிய பொருளெனக் கடந்து விடுகின்றோம். மண்ணும் நெருப்பும் ஈன்ற அவ்வெளிய பொருள், தேர்ந்த கைகளிற் கலையாக உயரும் என்பதற்குத் தென் இங்கிலாந்தின் சிச்செஸ்டர் நகரிலுள்ள பாலண்ட் இல்லம் சான்றாகும்.

1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் லண்டன் மாநகரின் மரவீடுகள் சாம்பலாயின. மறு ஆண்டு இயற்றப்பெற்ற சட்டம், வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ எழுப்புமாறு பணித்தது. தேவையாற் பிறந்த வழக்கம் நாளடைவிற் பெருமிதமாயிற்று; சிறுநகர வணிகரும் செங்கல் இல்லங்களை விரும்பினர். ஆன் அரசியார் ஆட்சியில், 1712ஆம் ஆண்டளவில், மது வணிகர் ஹென்றி பெக்கம் எழுப்பிய இல்லமே இது.

இதன் முகப்பில் நாம் முதலிற் காண்பது ஒழுங்கு. நடுவில் வாயில், இருபுறமும் ஒத்த அளவில் உயர்ந்த சாளரங்கள். சாளரங்களின் மேலுள்ள வளைவுகளே கொத்தரின் திறத்துக்கு உரைகல். மென்மையான செங்கற்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஆப்பு வடிவில் அறுத்துத் தேய்த்து, நுண்ணிய சுண்ணாம்புச் சாந்தால் இணைப்பர். இணைப்பு மெல்லிய வெண்கோடாகவே தோன்றும்.

வாயில் தூண்களின் மேல் இரு கற்பறவைகள் நிற்கின்றன. அவை பெக்கம் குடும்பச் சின்னமாகிய தீக்கோழிகள். ஆயின் உருவம் ஒத்து அமையாமையால், ஊரார் இதனை 'டோடோ இல்லம்' என நகையாடினர். பெருமை பறைசாற்றப் புகுந்த செல்வரின் சின்னம் நகைப்புக்கு இடமாக, கொத்தரின் கைவண்ணமோ இன்றும் போற்றப்படுகின்றது. காலத்தின் தீர்ப்பு இதுவன்றோ!

இருபதாம் நூற்றாண்டில் இவ்வில்லம் மன்ற அலுவலகமாக விளங்கிற்று. சிச்செஸ்டர் பேராலயத் தலைவர் வால்டர் ஹசி, தம் கலைச்செல்வங்களை இவ்வில்லத்திலேயே காட்சிக்கு வைக்கவேண்டும் என்னும் நிபந்தனையுடன் நகருக்கு ஈந்தார். 1982இல் இது கலைக்கூடமாயிற்று. 2006இல் அருகே எழுந்த புதிய கட்டடம் பழைய இல்லத்தைப் போலி செய்யாது, தன் காலத்து வடிவிலேயே நிற்கின்றது. மறு ஆண்டு இக்கலைக்கூடம் குல்பென்கியன் பரிசினைப் பெற்றது.

பழஞ்செங்கல்லைக் காக்க நன்னோக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். சுண்ணாம்புச் சாந்து சுவரின் ஈரத்தை வெளியேற விடும். அதனை நீக்கிச் சிமெண்டுச் சாந்து இட்டாலோ, ஈரம் செங்கல்லுள் தேங்கும். குளிரில் உறைந்து செங்கல்லின் முகத்தைப் பெயர்க்கும். முன்னோர் எதனைக் கட்டினர் என்பதோடு, எதனால், ஏன் அவ்வாறு கட்டினர் என்பதனையும் நாம் அறிதல் வேண்டும். அவ்வறிவே மரபைக் காக்கும் என்பது திண்ணம்.